மைலுக்கொரு சாலை

மார்ச் மாதத்தில் அயோவா மாநிலத்துக் கிராமப்புறப் பள்ளிகளிலிருந்து பெற்றோருக்கு விடியும் முன்பே ஒரு குறுஞ்செய்தி வரும்: இன்று பஸ்கள் கெட்டித் தளச் சாலைகளில் மட்டும் ஓடும். வீடு சரளைச் சாலையில் இருந்தால் பஸ் வாசலுக்கு வராது. பிள்ளையை பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு, தார்ச்சாலையோ கான்கிரீட் சாலையோ வரும் முனைவரை பெற்றோரே கொண்டுபோய் விட வேண்டும். பனி கொட்டியிருக்காது, வெள்ளம் வந்திருக்காது, வெயில்கூட அடிக்கும். ஆனாலும் சாலை சேறாகிக் கிடக்கும்.

அமெரிக்காவிலேயே அதிக மக்காச்சோளம் விளைவதும் அதிகப் பன்றிகள் வளர்வதும் இந்த மாநிலத்தில்தான். பணமில்லாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு ஏன் ஒரு பள்ளி பஸ்ஸால் ஒரு வீட்டு வாசலுக்குப் போக முடியவில்லை? இதற்குப் பதில் தேடினால் 1785ஆம் ஆண்டுக்குப் போய் நிற்கிறோம்.

சுதந்திரப் போரை முடித்த அமெரிக்காவிடம் அப்போது கடன் நிறைய இருந்தது, கையில் காசு இல்லை. மேற்கே கிடந்த நிலத்தை அளந்து விற்பதென்று முடிவானது. 1785 மே 20 அன்று நிறைவேறிய நில அளவைச் சட்டம், நிலத்தை ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்ட டவுன்ஷிப்புகளாகப் பிரிக்கச் சொன்னது. ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 36 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அந்த 36இல் 16ஆம் செக்‌ஷனைப் பொதுப்பள்ளிக்கென ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருந்தது. ஆறு, மேடு, பள்ளம், ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த மக்கள், எதையும் அந்தக் கோடுகள் கண்டுகொள்ளவில்லை. அயோவாவில் சாக், மெஸ்க்வாக்கி, அயோவே பழங்குடி மக்களின் நிலம் 1830களிலிருந்து ஒப்பந்தம் ஒப்பந்தமாகப் பறிபோய்க் கட்டங்களாயிற்று. (மெஸ்க்வாக்கி மக்கள் 1857இல் டாமா கவுண்டியில், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவில், 80 ஏக்கரைத் தங்கள் காசு கொடுத்தே திரும்ப வாங்கினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.)

செக்‌ஷன் கோட்டின் மேலேயே சாலை போடுவது வழக்கமாயிற்று. அகலம் பெரும்பாலும் 66 அடி. நில அளவையாளரின் சங்கிலி அந்த நீளம் என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணமில்லை. மைலுக்கொரு சாலை, வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும். வானத்திலிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகைதான்.

ஒரே ஒரு இடத்தில் பூமி தன் வேலையைக் காட்டியது. உருண்டையான பூமியில் வடக்கு நோக்கிப் போகும் கோடுகள் போகப் போக நெருங்கும். சதுரம் சதுரமாக நிற்காது. அதனால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை அளவையைத் திருத்திப் புதிதாகத் தொடங்கினார்கள். அந்தத் திருத்தக் கோடுகளில் நேராக வந்த சாலை சட்டென்று ஒடிந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி நேராகப் போகும். இருட்டில் வேகமாக வரும் புதியவருக்கு அது ஆபத்தான இடம்.

எத்தனை கட்டம் இருந்தாலும் முகவரி வேண்டுமே. 911 அவசர அழைப்புக்காகச் சாலைகளுக்கெல்லாம் பெயர் வைக்க வேண்டி வந்தபோது பல கவுண்டிகள் எண் போட்டுவிட்டன. சுற்றிலும் மக்காச்சோளம், கண்ணுக்கெட்டிய தூரம் வீடு கிடையாது. பச்சைப் பலகையில் '210ஆவது தெரு' என்று எழுதியிருக்கும். மற்ற 209 தெரு எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள்.

கட்டத்தில் குடியேறியவர்கள் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. செக்‌ஷனில் கால் பங்கு, 160 ஏக்கர், ஒரு குடும்பத்துக்குப் போதும். அப்படியானால் சதுர மைலுக்கு நாலு குடும்பம். குடும்பத்துக்கு ஐந்தாறு பிள்ளைகள். பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும், ஆகவே ஏறக்குறைய இரண்டு மைலுக்கு ஒன்றாக ஓரறைப் பள்ளிகள் முளைத்தன. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது அயோவாவில் மட்டும் இப்படி 12,000க்கும் மேல். ஒரு அறை, நடுவில் ஒரு கணப்பு அடுப்பு, ஒரு ஆசிரியை, எட்டு வகுப்பு. பல இடங்களில் அந்த ஆசிரியை இருபது வயதுகூட ஆகாத பெண். பகலில் பாடம், மாலையில் அதே அறையில் எழுத்துக்கூட்டும் போட்டி, அரசியல் கூட்டம், கிறிஸ்துமஸ் நாடகம். தேர்தலன்று அதுவே வாக்குச்சாவடி. பேஜ் கவுண்டியில் ஜெஸ்ஸி ஃபீல்டு என்ற ஆசிரியை ஒரு ஓரறைப் பள்ளியில் 1901இல் பையன்களுக்குச் சோளச் சங்கமும் பெண்பிள்ளைகளுக்கு இல்லறச் சங்கமும் தொடங்கினார். இன்று நாடு முழுக்க இருக்கும் 4-எச் என்ற இளையோர் இயக்கத்தின் வேர்களில் ஒன்று அது.

சாலை என்று கோடு இருந்ததே தவிர, அதில் போட்டது ஒன்றுமில்லை. உழைக்கக்கூடிய ஆண்கள் ஆண்டுக்குச் சில நாள் சாலை வேலை செய்து வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. குதிரையோடு வந்து, ஓரத்து மண்ணை நடுவில் இழுத்துப் போட்டு, கதை பேசிவிட்டுப் போவார்கள். பயிருக்குப் பொன்னாக இருக்கும் அயோவாவின் கறுப்பு மண் சாலைக்கு எமன். மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சுவரை இறங்கும். மிசூரியைச் சேர்ந்த டி. வார்டு கிங் என்ற விவசாயி, ஒரு மரத்தை இரண்டாகப் பிளந்து இணைத்துக் குதிரையில் பூட்டி, மழை விட்டதும் சாலைமேல் இழுத்தால் தளம் சமமாகிக் காய்ந்து இறுகும் என்று காட்டினார். காசு செலவில்லாத இந்த யுத்தி அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதி முழுக்கப் பரவியது. அயோவாவின் மான்டெசூமாவில் வளர்ந்த தாமஸ் மெக்டொனால்டு மாநில நெடுஞ்சாலை ஆணையத்தில் பழகி, 1919 முதல் 1953 வரை நாட்டின் சாலைத்துறைக்கே தலைமை வகித்தார். 'அயோவாவைச் சேற்றிலிருந்து தூக்குவோம்' என்பது அந்தக் காலத்து அரசியல் முழக்கம்.

1929இல் அயோவா ஒரு பெரிய முடிவெடுத்தது: அதுவரை டவுன்ஷிப் ஊராட்சிகள் பார்த்துவந்த சாலைகளையெல்லாம் கவுண்டியின் கையில் கொடுத்தது. மொத்தம் 99 கவுண்டி. தேர்ந்தெடுக்கப்பட்ட மேற்பார்வையாளர் குழு, அதன்கீழ் ஒரு பொறியாளர். பக்கத்து மினசோட்டாவில் நிலைமை வேறு. அங்கே இன்றும் டவுன்ஷிப்பே சொந்தச் சாலையைப் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டம் கூடி, எவ்வளவு வரி போடலாம் என்று வந்திருப்பவர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். எது மேல் என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்தில்லை. ஆனால் சரளை வாங்க எவ்வளவு ஆகும் என்பது மினசோட்டாக்காரருக்குத் தெரிந்த அளவு அயோவாக்காரருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

சரளை வந்தது, தபால் வீட்டுக்கு வந்தது, பால் வண்டி வந்தது. கூடவே பள்ளி பஸ்ஸும் வந்தது. அங்கேதான் கதை திரும்புகிறது. பிள்ளைகள் படிக்க நல்ல சாலை வேண்டும் என்று கேட்டவர்கள் விவசாயிகளே. அந்தச் சாலை வந்ததால்தான் அவர்கள் பள்ளி போயிற்று. பல ஓரறைப் பள்ளிகளை மூடிவிட்டு ஊரில் ஒரே பெரிய பள்ளி வைக்கலாம் என்ற யோசனை புதிதில்லை. பஃபலோ சென்டர் என்ற ஊரில் 1890களிலேயே குதிரை வண்டியில் பிள்ளைகளை ஏற்றி வந்து அதைச் செய்து பார்த்தார்கள். சேறு இருந்தவரை அது எல்லா இடத்துக்கும் பரவ முடியவில்லை. சேற்றைச் சரளை மூடியதும் தடை போயிற்று. 1950களின் தொடக்கத்தில் அயோவாவில் 4,500க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள், அதாவது ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகங்கள், இருந்தன. எல்லா நிலமும் உயர்நிலைப் பள்ளி நடத்தும் ஏதாவதொரு மாவட்டத்தில் சேர்ந்தாக வேண்டும் என்று 1965இல் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் எண்ணிக்கை 450 சொச்சத்துக்கு இறங்கியது. இப்போது ஏறக்குறைய 325.

எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பியூகேனன் கவுண்டியில் ஹேசல்டன் என்ற சிற்றூரைச் சுற்றி ஆமிஷ் குடும்பங்கள் இருக்கின்றன. மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ளாத, குதிரை வண்டியில் போகும் கிறிஸ்தவச் சமூகம். ஹேசல்டன் பள்ளி மாவட்டம் பெரிய ஊரான ஓல்வைனோடு இணைந்தபோது, தங்கள் ஓரறைப் பள்ளிகளை அவர்கள் விட மறுத்தார்கள். எட்டாம் வகுப்புவரை மட்டும் படித்த தங்கள் பெண்களையே ஆசிரியைகளாக வைத்து நடத்தினார்கள். மாநிலச் சட்டப்படி ஆசிரியருக்குச் சான்றிதழ் வேண்டும். அபராதம் மேல் அபராதம் விழுந்தது. கட்ட மறுத்தவர்களின் விளைபொருளை அதிகாரிகள் எடுத்து விற்றார்கள்.

1965 நவம்பர் 19 அன்று அதிகாரிகள் ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிள்ளைகளை ஏற்றி ஊர்ப் பள்ளிக்குக் கொண்டுபோவது திட்டம். வரிசையாக வெளியே வந்த பிள்ளைகளைப் பார்த்து யாரோ ஜெர்மன் மொழியில் 'சீக்கிரம் ஓடுங்கள்' என்று கத்த, கறுப்புத் தொப்பியும் நீளப் பாவாடையுமாக அத்தனை பேரும் வேலியைத் தாண்டிச் சோளக்கொல்லைக்குள் ஓடினார்கள். மாநிலத் தலைநகரான டி மொயினின் பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்த அந்தப் படம் நாடெங்கும் வெளியாயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைப் பிடித்துப்போக அரசாங்கம் துரத்துகிறது என்ற காட்சியை எந்த அரசியல்வாதியாலும் நியாயப்படுத்த முடியவில்லை. ஆளுநர் ஹெரால்டு ஹியூஸ் தலையிட்டார். 1967இல் சட்டமன்றம் இத்தகைய மதச் சமூகங்களுக்கு விலக்கு கொடுத்தது. இன்றைக்கும் அயோவாவில் ஓரறைப் பள்ளி நடக்கிறதென்றால் பெரும்பாலும் ஆமிஷ் மக்களிடம்தான்.

மற்றவர்கள் இணைந்தார்கள்; ஆனால் பெயரை விடவில்லை. இரண்டு ஊர் சேர்ந்தால் நடுவில் ஒரு கோடு: ஆப்ளிங்டன்-பார்க்கர்ஸ்பர்க். மூன்று சேர்ந்தால் கார்னர்-ஹேஃபீல்டு-வென்ச்சுரா. அதற்கு மேல் போனால் வாய் வலிக்கும் என்று முதலெழுத்துக்கு மாறினார்கள். பி.சி.எல்.யு.டபிள்யு. என்று ஒரு பள்ளி மாவட்டம்: பீமன், கான்ராட், லிஸ்கம், யூனியன், விட்டன். இதில் கடைசி இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

அயோவாவில் அந்தக் காலத்துப் பெண்கள் கூடைப்பந்து ஆறு பேர் கொண்ட ஆட்டம். மூவர் ஒரு பாதியில் பந்து போடுவார்கள், மூவர் மறுபாதியில் தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது, பந்தை இரண்டு தடவைக்கு மேல் தட்டக் கூடாது. 1925இல் பள்ளி விளையாட்டுச் சங்கம் பெண்கள் போட்டியைக் கைவிடத் தீர்மானித்தபோது, சிற்றூர்ப் பள்ளிக்காரர்கள் பிரிந்துபோய்ப் பெண்களுக்கென்றே தனிச் சங்கம் தொடங்கினார்கள். பெரிய நகரங்கள் பல பத்தாண்டுகள் இதில் சேரவே இல்லை. இது கிராமத்து ஆட்டம். 1968 மாநில இறுதிப்போட்டியில் யூனியன்-விட்டன் அணியும் எவர்லி அணியும் மோதின. எவர்லியின் ஜனெட் ஓல்சன் 76 புள்ளி எடுத்தார். யூனியன்-விட்டனின் டெனிஸ் லாங் 64. கூடுதல் நேரத்துக்குப் போய் யூனியன்-விட்டன் 113க்கு 107 என்று வென்றது. மறு ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணி டெனிஸ் லாங்கின் பெயரைத் தேர்வுப் பட்டியலில் சொன்னது. லீக் அதைச் செல்லாது என்றுவிட்டது. சில நூறு பேர் வாழும் இரண்டு ஊர்களிலிருந்து இது நடந்தது. அந்தப் பள்ளி இப்போது ஐந்தெழுத்தில் இரண்டெழுத்து. ஆறு பேர் ஆட்டமும் 1993இல் நின்றுபோனது.

பள்ளி மூடும் கூட்டங்களில் மனிதர்கள் கணக்கைவிடச் சின்னத்தைப் பற்றியே அதிகம் சண்டை போடுகிறார்கள் என்று வெளியூர்ப் பத்திரிகைகள் கிண்டல் செய்வதுண்டு. அணியின் நிறம் என்ன, பெயர் என்ன, எந்த ஊர் மைதானத்தில் ஆட்டம்? எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. ஊரில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவது வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்துக்கு மட்டும்தான் என்றால், அதைத் தவிர எதைப் பற்றிச் சண்டை போடுவார்கள்?

இனி கணக்குக்கு வருவோம். 1900இல் அயோவாவில் 2.28 லட்சம் பண்ணைகள். சராசரி ஏறக்குறைய 150 ஏக்கர். குடியேறியவர்கள் கணக்குப் போட்ட அளவுதான். 2022இல் சுமார் 87,000 பண்ணைகள். சராசரி 345 ஏக்கர். இந்தச் சராசரியும் ஏமாற்றும். பொழுதுபோக்குக்கு நாலு ஆடு வளர்ப்பவரும் இதில் அடக்கம். மக்காச்சோளமும் சோயாவும் பயிரிட்டுப் பிழைப்பவர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் ஓட்டுபவர்கள் சாதாரணம். 1980களின் பண்ணை நெருக்கடி இதை விரட்டியது. 1981இல் ஏக்கருக்குச் சராசரி 2,147 டாலராக இருந்த நிலத்தின் விலை 1986இல் 787 டாலருக்கு விழுந்தது. நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தென்மேற்கில் இருக்கும் ஆடம்ஸ் கவுண்டியில் 1900இல் 13,601 பேர். 2020இல் 3,704 பேர்.

ஆள் குறைந்தால் பள்ளிகளைச் சேர்க்கலாம். பிள்ளைக்குக் கால் இருக்கிறது, பஸ் இருக்கிறது. சாலையை அப்படிச் சேர்க்க முடியாது. நாலு குடும்பத்தின் நிலத்தை ஒருவரே உழுதாலும் அந்த நிலத்துக்குப் போகும் வழி அப்படியேதான் இருக்க வேண்டும். அயோவாவில் கவுண்டிகளின் பொறுப்பில் மட்டும் சுமார் 90,000 மைல் சாலை இருக்கிறது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு சரளையோ வெறும் மண்ணோதான். பள்ளிக்கு மாநிலப் பணம் பிள்ளைக் கணக்கில் வருகிறது. ஒரு வகுப்பில் இருபது பேர் பதினாறாகக் குறைந்தால் நாலு பேருக்கான பணம் போய்விடும். ஆசிரியர் செலவு குறையாது, பஸ் ஓடும் தூரமும் குறையாது. சாலைக்குப் பெட்ரோல், டீசல் வரியிலிருந்தும் வாகனப் பதிவுக் கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கு. மீதி பெரும்பாலும் நிலவரி. 2015இல் அயோவா எரிபொருள் வரியைக் கேலனுக்கு 10 சென்ட் கூட்டியது. 1989க்குப் பிறகு அதுதான் முதல் உயர்வு. இடைப்பட்ட காலத்தில் சரளையின் விலையும் கான்கிரீட்டின் விலையும் சும்மா இருக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் மார்ச் மாதச் சேற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் நீர் மூன்று நாலு அடி ஆழம்வரை உறைகிறது. வசந்தத்தில் வெயில் மேலிருந்து அடிப்பதால் மேல்மண் முதலில் இளகும். அடியில் பனி இன்னும் பாறையாக இருக்கும். மேலே உருகிய நீருக்குக் கீழே இறங்க வழியில்லை. தளம் கூழாகிறது. அதன்மேல் தானிய லாரி ஒன்று போனால் போதும், கூழ் கொப்பளித்து மேலே வரும். அதில் சரளையைக் கொட்டினால் சரளை உள்ளே போய்விடும். மறுபடி கொட்டினால் அதுவும் போகும். அடிப்பனி கரையும்வரை, சாலையைச் சமன்செய்யும் மோட்டார் கிரேடர் வண்டியின் ஓட்டுநருக்கு அதிகம் செய்ய ஒன்றுமில்லை. அவர் வருஷம் முழுக்கச் செய்யும் வேலை, சாலையின் நடுவைச் சற்று உயர்த்தி இரண்டு பக்கமும் சரிவாக வைத்திருப்பது. சரிவு போனால் தண்ணீர் நிற்கும். நின்றால் குழி விழும். ஜூலையில் பிரச்சினை தலைகீழ். வண்டி போனால் சுண்ணாம்புக்கல் தூசி எழுந்து பக்கத்து வீட்டுக் கொடித்துணியில் படியும். பல கவுண்டிகளில் வீட்டுக்காரர்களே தங்கள் சொந்தக் காசில் வீட்டு முன்னால் உள்ள துண்டுக்கு மட்டும் தூசி அடக்கும் மருந்து அடித்துக்கொள்கிறார்கள்.

பாலங்கள் இதைவிட மோசம். அயோவாவில் ஏறக்குறைய 24,000 பாலங்கள். பழுதடைந்தவை என்று குறிக்கப்பட்ட பாலங்களின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முன்னணி மாநிலம் இது. பெரும்பாலும் கவுண்டிச் சாலையில், சின்ன ஓடையின்மேல், அந்தக் காலத்துச் சின்ன வண்டிகளை யோசித்துக் கட்டியவை. இன்றைய தானிய டிரெய்லர் எண்பதாயிரம் பவுண்டு. எடை வரம்புப் பலகை மாட்டினால் விவசாயி சுற்றிப் போக வேண்டும். பள்ளி பஸ்ஸும் சுற்றும். பஸ் பயணத்துக்கு அயோவாவில் வரம்பு உண்டு: தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வழிக்கு 60 நிமிடம், உயர்நிலை மாணவருக்கு 75. ஒரு பாலம் மூடினாலே சில வழித்தடங்களில் அந்த வரம்பு இடிக்கும்.

கவுண்டிகள் கண்டுபிடித்த நடுவழி, சாலைக்குத் தரம் பிரிப்பது. வீடில்லாத சாலைகளை 'பி' தரம் என்று அறிவித்து, 'உங்கள் பொறுப்பில் நுழையுங்கள்' என்று பலகை வைத்துவிடுகிறார்கள். பனி தள்ள மாட்டார்கள், சரளை போட மாட்டார்கள். 'சி' தரமென்றால் கேட்டே போட்டுப் பூட்டலாம். நிலக்காரரிடம் மட்டும் சாவி. சாலையை அடியோடு ரத்து செய்யவும் வழியுண்டு. அதற்குப் பொது விசாரணை வைக்க வேண்டும். அங்கே எதிர்ப்பு தெரிவிக்க வருபவர், வருஷத்தில் இரண்டு தடவை விதைக்கவும் அறுக்கவும் மட்டும் அந்த வழியில் போகிறவராக இருப்பார். வரி கட்டுகிறேனே என்பார். அதுவும் உண்மைதான். அயோவாவின் பள்ளிகளும் சாலைகளும் அவர் நிலத்து வரியில்தான் பெருமளவு நிற்கின்றன.

பள்ளி போன ஊரில் மிஞ்சுவது என்ன? தானியக் கூட்டுறவுச் சங்கத்தின் உயர்ந்த கான்கிரீட் குதிர், தேவாலயம், தன்னார்வத் தீயணைப்பு நிலையம். அந்த நிலையத்துக்குப் புது வண்டி வாங்க ஞாயிறு காலையில் பான்கேக் சுட்டு விற்பார்கள். காபி குடிக்க, பெட்ரோல் பங்கோடு சேர்ந்த கேசீஸ் கடை. 1968இல் அயோவாவின் பூன் நகரில் தொடங்கிய இந்த நிறுவனம், மற்ற சங்கிலிக் கடைகள் எட்டிப் பார்க்காத சிற்றூர்களைத் தேடித்தேடிக் கடை வைத்தது. பெட்ரோல் பங்கில் பீட்சா என்றால் வெளியூர்க்காரர் முகம் சுளிப்பார். உள்ளூர்க்காரருக்குக் காலை உணவே அதுதான். பள்ளிகள் பதினொருவர் அணிக்கு ஆள் தேறாமல் எட்டுப் பேர் ஆடும் அமெரிக்கக் கால்பந்துக்கு மாறியிருக்கின்றன. பஸ் தூரம் அதிகம் என்பதால், பள்ளிக்குப் போய்வரப் பதினாலரை வயதிலேயே ஓட்டுநர் உரிமம் கிடைக்கும். சரளைச் சாலையில் எதிரே வரும் எந்த வண்டிக்காரரும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை.

சில இடங்களில் மாநிலமே கதவை மூடியது. மிசூரி எல்லைக்குப் பக்கத்திலிருக்கும் ஃபாரகட் ஊரின் பள்ளி மாவட்டத்தைக் கடன் சுமையால் மாநிலக் கல்வி வாரியம் 2016 ஜூலை 1 முதல் கலைத்தது. கடற்படைத் தளபதியின் பெயர் கொண்ட அந்த ஊர் அணிக்கு 'அட்மிரல்ஸ்' என்று பெயர். கடல் பல நூறு மைலுக்கு அப்பால். வேறு சில மாவட்டங்கள் வாரத்துக்கு நாலு நாள் பள்ளிக்கு மாறுகின்றன. காரணம் சேமிப்பு என்று நினைப்போம். உண்மையில் நகரத்துச் சம்பளம் கொடுக்க முடியாத பள்ளி, ஆசிரியரை வெள்ளிக்கிழமை விடுமுறை காட்டி இழுக்கப் பார்க்கிறது.

எல்லாச் சிற்றூரும் சுருங்கவில்லை. வடமேற்கிலிருக்கும் ஸ்டார்ம் லேக் ஊரில் பன்றி, வான்கோழி இறைச்சி ஆலைகள் இருக்கின்றன. லாவோஸ், மெக்சிகோ, குவாத்தமாலா, மைக்ரோனேசியத் தீவுகள் என்று பல இடங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளால் அந்தப் பள்ளி நிரம்பியிருக்கிறது; இடம் போதாமல் கட்டடம் கட்டினார்கள். ஆனால் ஒரே ஆலையை நம்பியிருப்பதன் ஆபத்தை டி மொயினுக்கு வடமேற்கே உள்ள பெர்ரி ஊர் 2024இல் பார்த்தது. அங்கிருந்த டைசன் நிறுவனத்தின் பன்றி இறைச்சி ஆலை மூடி, சுமார் 1,300 பேர் வேலை இழந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு எந்த ஊர்ப் பள்ளியில் எண்ணப்படுவார்கள் என்பதைப் பொறுத்தே அடுத்த பட்ஜெட். ஊரைச் சுற்றியுள்ள சரளைச் சாலைகளின் மைல் கணக்கில் மட்டும் மாற்றம் இருக்காது.